வெள்ளிக் காலும் ஐந்தாவது போர்செப்ஸும்

இது நடந்தது தொண்ணூற்றாறாம் ஆண்டா தொண்ணூற்றேழா என்பதில் எனக்கு இப்போது உறுதியில்லை. அன்று மழை பெய்ததாக நினைக்கிறேன். ஆனால் யாரும் குடை பிடித்ததாக ஞாபகமில்லை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அன்றைக்குப் பேசப்பட்டதில் பாதி இத்தாலியன். நான் அதைத் தமிழில்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். ஆகவே நான் வேலை செய்த வீட்டு அம்மா, சிஞ்ஞோரா, சொன்னதாக நான் எழுதுவது அவர் சொன்னதுதானா, அல்லது இத்தனை வருடமாக என் தலைக்குள் அவரைப் பேசவைத்து நானே திருத்தி எடுத்ததா என்று தெரியவில்லை. வியாழக்கிழமை என்பது மட்டும் நிச்சயம். ஏனென்றால் அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்குக் குவெஸ்தூராவில், அதாவது எங்கள் விசாக் காகிதங்களைப் பார்க்கிற பொலிஸ் அலுவலகத்தில், எனக்குத் தவணை இருந்தது.

அந்தத் தவணை கிடைக்க ஐந்து மாதம் அலைந்திருந்தேன். என் மனைவி குகனேஸ்வரி இரண்டு வருடமாக வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தாள். அவளை நான் இருந்த இத்தாலிய நகரமான பலெர்மோவுக்குக் கூப்பிட வேண்டுமானால் எனக்கு வேலை தருபவர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று வேண்டும். எனக்கு வேலை தந்தவர் சிஞ்ஞோரா லா மாந்தியா, எழுபது தாண்டிய விதவை. திங்கட்கிழமை நான் கடிதத்தை அவர் முன் வைத்து, "கையெழுத்து, சிஞ்ஞோரா" என்றேன். "பார்க்கலாம்" என்று அதைச் சீனிக் கிண்ணத்தின் கீழே வைத்தார். செவ்வாயும் அது அங்கேயே இருந்தது. புதனும் இருந்தது. அவருடைய கணவர் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு. வாசிக்காமல் எதிலும் கையெழுத்து வைக்காதே என்று சொல்லிவிட்டுச் செத்தவர். சிஞ்ஞோராவுக்குக் கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியாது. கண்ணாடி போட்டால் கிழவி மாதிரித் தெரியும் என்று போடமாட்டார். ஆகவே அவர் எதையும் வாசிப்பதுமில்லை, எதிலும் கையெழுத்து வைப்பதுமில்லை.

வேறொருவன் என்றால் நாலு வார்த்தை சொல்லி விளங்கப்படுத்தியிருப்பான். எனக்கு அது வராது. புத்தகத்தோடு இருந்து பழகியவன் நான். யாராவது ஒன்று கேட்டால் அதை உள்ளே வைத்து நாலு பக்கமும் திருப்பிப் பார்ப்பேன். பார்த்து முடிக்கிற நேரத்தில் கேட்டவர் போய்விட்டிருப்பார். சிஞ்ஞோரா என்னை வேலைக்கு எடுத்ததே அதனால்தான். எனக்கு முன் அந்த வீட்டில் வேலை செய்த மொறீசியஸ்காரன் குமாரென் வாய் ஓயாதவன். தலையிடி தாங்காமல் அவனை அனுப்பிவிட்டு, பேசாத ஆள் வேண்டும் என்று விசாரித்து என்னைப் பிடித்தார். மூன்று வருடத்தில் நான் அவரிடம் சொன்னதையெல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு தபாலட்டைக்குள் அடங்கும்.

இந்த நிலையில்தான் பேரின்பநாயகம் மாமா வந்து சேர்ந்தார்.

அவர் குகனேஸ்வரியின் பெரியப்பா. முப்பத்தொரு வருடம் வடமராட்சிப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அப்போதிக்கரி. டொக்டர் இல்லாத நாள்களில் அவர்தான் டொக்டர். டொக்டர் இருந்த நாள்களிலும் தானே டொக்டர் என்பது அவருடைய அபிப்பிராயம். ஓய்வு பெற்று லண்டனில் மகனோடு இருந்தவர், ஐரோப்பாவில் எந்த நகரத்தில் பழைய வைத்திய மியூசியம் இருக்கிறது என்று கேள்விப்பட்டாலும் மாமியையும் இழுத்துக்கொண்டு பஸ்ஸிலும் ரயிலிலும் புறப்பட்டுவிடுவார். பாரிஸ், லைடன், வியன்னா, பொலோஞ்ஞா எல்லாம் முடிந்திருந்தன. பாரிசில் மாமி ஈபிள் கோபுரத்தைக் காணவில்லை. போத்தலில் ஊறின குடலைக் கண்டார்.

"வியன்னாவிலை என்ன பாத்தனீங்கள் எண்டு சனம் கேக்குது, தம்பி. என்னத்தைச் சொல்ல? ரெண்டு தலைப் பிள்ளையைப் பாத்தனான் எண்டே சொல்லுறது?" என்றார் மாமி யோகாம்பாள், பலெர்மோவின் ஒரேத்தோப் பகுதியில் இருந்த என் அறைக் கட்டிலில் உட்கார்ந்த உடனேயே. "கண்டறியாத மியூசியம். என்ரை முழங்கால் ரெண்டும் தேஞ்சுபோச்சு."

"உமக்கு ரசனை காணாது," என்றார் மாமா.

பலெர்மோவில் ஒரு பழைய மருத்துவமனைக் கட்டடத்தின் மேல்மாடியில் மூன்று அறைகளில் அப்படி ஒன்று இருந்தது. முன்கூட்டிச் சொன்னால்தான் திறப்பார்கள். அதற்குப் பொறுப்பான பேராசிரியர் சிஞ்ஞோராவின் கணவருடைய தம்பி. ஆகவே நான் அவரிடம் இரண்டாவது உதவியும் கேட்க வேண்டியதாயிற்று. ஒன்று சீனிக் கிண்ணத்தின் கீழே கிடக்கும்போது இன்னொன்றைக் கேட்டால் முதலாவதும் கெட்டுவிடுமோ என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். கடைசியில் கேட்டேன். அவர் உடனே காவலாளிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ராஜா, உன் ஆள்களுக்கு நான் பொறுப்பு நிற்கிறேன். என் பெயரைக் கெடுத்தால் உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை."

இராஜதுரை என்ற என் பெயரை அவர் ராஜா என்று சுருக்கியிருந்தார். ஒன்றுமில்லை என்றால் கடிதமும் இல்லை, குகனேஸ்வரியும் இல்லை. அந்த வாக்கியத்தை இரவு முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேறு அர்த்தம் வரவில்லை.

வியாழன் காலை வுச்சீரியாச் சந்தைக்குள்ளால் நடந்தோம். மாமி வாள்மீன் தலை ஒன்றின் முன்னால் நின்று, செவுளைத் தூக்கிப் பார்த்து, "நேற்றையான்" என்று தமிழில் தீர்ப்புச் சொன்னார். மீன்காரனுக்கு அது விளங்கிவிட்டது. அவன் சிசிலியனில் கத்தினான். மாமி தமிழில் கத்தினார். மாமா நிற்கவில்லை, ஒன்பதரைக்கு வாசலில் நிற்கவேண்டும் என்று முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

காவலாளியின் பெயர் கலோஜெரோ. கம்பளிச் சட்டையும் கண்ணாடியும் போட்ட, ஒடுங்கிய மனிதர். கால்களுக்கிடையில் ஒரு மின்சார அடுப்பை வைத்துக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். சிஞ்ஞோராவின் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றார்.

முதல் அறையில் கருவிகள். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வாள், ஊசி, இடுக்கி, கொதிநீர்த் தொட்டி. மாமா குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். இரண்டாவது பெட்டியில் அவர் முகம் மாறியது.

"தம்பி, இதிலை என்ன எழுதியிருக்கு?"

"பத்தொன்பதாம் நூற்றாண்டு எண்டு."

"ஆர் சொன்னது? இதே தொட்டியிலைதான் எழுபத்தெட்டிலை நான் ஊசி அவிச்சனான்." அடுத்த பெட்டிக்குப் போனார். "இந்த வாள்! இதாலைதான் சாராயக்கடைச் சின்னையற்றை விரலை எடுத்தனான். அந்தாள் போன வருசம்வரைக்கும் உயிரோடை இருந்தது." மூன்றாவது பெட்டியின் முன் அவருக்கு மூச்சு வாங்கியது. "இது எங்களுக்குப் புதுசா வந்த சாமான். எண்பத்திரண்டிலை. பூட்டி வைச்சிருந்தனாங்கள், பழுதாப் போயிடும் எண்டு."

"அப்ப உங்களையும் பெட்டியிலை போட்டு ஒரு துண்டு ஒட்டிவிடுவினமோ எண்டு கேளுங்கோவன்," என்றார் மாமி.

இரண்டாவது அறையில் மெழுகுத் தலைகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தோல் வியாதி. மாமி சேலைத் தலைப்பால் கண்ணை மூடிக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி அதைக் கடந்தார். மாமா ஒவ்வொரு தலையோடும் ஐந்து நிமிடம் நின்றார். ஆகவே மூன்றாவது அறைக்கு மாமியும் நானும் மட்டும்தான் முதலில் போனோம்.

அந்த அறையைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். நோய் தீர்ந்தவர்கள் முன்னொரு காலத்தில் தேவாலயத்தில் காணிக்கை வைத்த வெள்ளி உருக்களின் சேகரிப்பு அது. சிவப்புத் துணி விரித்த மேசையில் வெள்ளிக் கண், வெள்ளிக் கை, வெள்ளிக் கால், வெள்ளி வயிறு. மேலே கோஸ்மா, தமியானோ என்ற வைத்தியப் புனிதர்கள் இருவரின் படம். பக்கத்துக் கடற்கரை ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவின் மீனவர்கள் வருடா வருடம் திருவிழாவில் சிலையாகத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அதே இருவர். அவர்களுக்குக் கீழே ஒரு சின்ன விளக்கு. கதவோரத்தில், பாரமான மரப்பெட்டி ஒன்று, மேலே ஒரு பிளவோடு. மியூசியத்துக்கு நன்கொடை போடுவதற்கு. கலோஜெரோவுக்கு அது மூன்றாவது அறை. எங்கள் பக்கத்து ஆள் எவருக்கும் அது வேறொன்று.

மாமி சப்பாத்தைக் கழற்றினார். லண்டன் ஓவர்கோட்டை இழுத்துச் சரிசெய்தார். மேசையிலிருந்து ஒரு வெள்ளிக் காலை எடுத்தார். கண்ணை மூடி, படத்துக்கு முன்னால் அதை மூன்று முறை சுற்றினார். கண்ணில் ஒற்றினார். பிறகு நேரே போய் உண்டியலில் போடுவதுபோல அதைப் பெட்டியில் போட்டார். எங்கள் கோயில்களில் அப்படித்தான். தட்டில் இருக்கிற உருவை எடுத்து, நேர்ந்து, உண்டியலில் போடுவது. பிறகு கோயில்காரர் அதை எடுத்து மறுபடியும் தட்டில் வைப்பார்கள். உரு சுற்றிக்கொண்டே இருக்கும்.

நான் யன்னலடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். கும்பிடுகிறவரை இடையில் மறிப்பது சரியல்ல என்று முதலில் தோன்றியது. பிறகு, இதைக் களவு என்று சொல்லலாமா என்று யோசித்தேன். காணிக்கையாகச் செய்யப்பட்ட ஒரு பொருள் மறுபடியும் காணிக்கையாகியிருக்கிறது. அதன் வாழ்க்கையில் இதுதானே நியாயமான நாள் என்றும் பட்டது. இதை இத்தாலியனில் எப்படிச் சொல்வது என்று வாக்கியத்தை அமைக்கத் தொடங்கினேன். வினைச்சொல்லில் சிக்கி நின்றபோது கலோஜெரோ உள்ளே வந்தார், பின்னால் மாமாவும்.

வந்தவர்கள் போகுமுன் அவர் உருக்களை எண்ணுவார் போலிருக்கிறது. செபமாலை உருட்டுவதுபோல ஒவ்வொன்றையும் விரலால் தொட்டார். இரண்டாம் முறையும் தொட்டார். பிறகு போய் வெளிக்கதவைப் பூட்டினார்.

"ஒரு கால் இல்லை," என்றார்.

எல்லோரும் அவரவர் காலைப் பார்த்தோம். மாமாவின் ஓவர்கோட் பையில் ஒரு புடைப்பு இருந்தது. கலோஜெரோ அதைச் சுட்டிக் காட்டினார். மாமா மிகுந்த மரியாதையோடு பைக்குள் கைவிட்டு, வெள்ளையாகப் பளபளக்கும் ஒரு நீண்ட இடுக்கியை, போர்செப்ஸை, எடுத்து நீட்டினார்.

கலோஜெரோ நெஞ்சில் சிலுவை போட்டார். முதல் அறைக்கு ஓடினார். நாங்களும் ஓடினோம். கண்ணாடிப் பெட்டிக்குள் அதே மாதிரிப் போர்செப்ஸ்கள் கிடந்தன. துண்டில் நான்கு என்று எழுதியிருந்தது. அவர் எண்ணினார். நான்கு இருந்தன. மாமாவின் கையில் ஐந்தாவது.

"ஒரு கால் குறைகிறது," என்றார் கலோஜெரோ மெல்ல. "ஒரு போர்செப்ஸ் கூடுகிறது."

"என்னவாம்?" என்றார் மாமா.

"அது ஆற்றை எண்டு கேக்கிறார்."

"என்ரை எண்டு சொல்லும். எல்லா மியூசியத்துக்கும் கொண்டு போறனான். அவங்கடையோடை வைச்சு ஒப்பிட்டுப் பாக்க. அவங்கடை நுனி சரியில்லை எண்டும் சொல்லும்."

நான் முதல் பாதியை மட்டும் சொன்னேன். கலோஜெரோ நம்பவில்லை. பேராசிரியருக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் திங்கள்வரை கத்தானியாவில். பொலிஸுக்கு எடுக்கப்போவதாகச் சொல்லி, அதற்கு முன் எங்களுக்குப் பொறுப்பு நின்றவருக்கு எடுத்தார். தொலைபேசிக்குள்ளிருந்து சிஞ்ஞோராவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. அவர் வருகிறாராம்.

அவர் வரும்வரை நாங்கள் நால்வரும் மின்சார அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அந்த மௌனம் எனக்குப் பழக்கமானது. ஆனால் அதுவரை அது எனக்குச் சொந்தமான மௌனமாக இருந்தது. இப்போது சீனிக் கிண்ணத்தையும், லொட்ஜ் அறையையும், நாளைய ஒன்பது மணியையும் அதற்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன தம்பி, வாய்க்குள்ளை கொழுக்கட்டையே? என்ன துலைஞ்சதாம்?" என்றார் மாமி.

"நீங்கள் உண்டியலிலை போட்ட கால்."

"போட்ட கால் எப்பிடித் துலையும்? உண்டியலுக்கைதானே கிடக்கு. விசரே அந்தாளுக்கு?"

சிஞ்ஞோரா வந்தார். உதட்டுச் சாயம் பூசி, கண்ணாடி இல்லாமல், ஒரு மெழுகுத் தலையை யாரோ என்று நினைத்து வணக்கம் சொல்லிவிட்டு எங்களிடம் வந்தார். "ராஜா! என்ன இது?"

வாக்கியம் தயாராக இருந்தது. "கால் பெட்டிக்குள் இருக்கிறது. மாமி போட்டார். எங்கள் நாட்டில் அது கும்பிடுகிற முறை."

"மியூசியப் பொருளை எடுத்து மியூசியப் பெட்டிக்குள் யார் போடுவார்கள்?" என்றார் கலோஜெரோ. பெட்டியின் திறப்புச் சாவி பேராசிரியரிடம். அதை உடைக்க அவருக்கு அதிகாரமில்லை. பொலிஸ் வந்தால் உடைப்பார்கள்.

மாமாவுக்கு விசயம் விளங்கியதும் கோட்டைக் கழற்றி என்னிடம் தந்தார். சட்டைக் கையை மடித்தார். "அந்தாளைக் கொஞ்சம் வெளிச்சம் பிடிக்கச் சொல்லும். முப்பத்தொரு வருசம் ஊர்ப் பிள்ளையளின்ரை மூக்குக்கையிருந்து புளியங்கொட்டை எடுத்த கை இது."

கலோஜெரோ டோர்ச் பிடித்தார். மாமா பிளவுக்குள் போர்செப்ஸை விட்டு, கண்ணை அரைவாசி மூடி, தலையைச் சாய்த்து, உள்ளே எதையோ கேட்பதுபோல நின்றார். "அழக்கூடாது, அசையக்கூடாது," என்று பெட்டிக்கு மெல்லச் சொன்னார். வெள்ளிப் பாதத்தின் நுனி பிளவில் தெரிந்தது. கலோஜெரோ, "புனித மரியே" என்றார்.

"இஞ்சேருங்கோ!" என்று மாமி வந்து அவர் தோளில் ஒன்று போட்டார். "நேந்து போட்டதைத் திருப்பி எடுக்கிறதே? பலிக்காது!"

"உம்மடை முழங்காலுக்குக் குளிசை தாறன், பேசாமல் இரும்."

"என்ரை முழங்காலுக்கே? என்ரை முழங்காலுக்கு நான் ஏன் ஊர் தெரியாத சாமியைக் கரைச்சல் படுத்திறன்? குகனேசு இஞ்சை வந்து கால் வைக்கவேணும் எண்டு நேந்தனான். இந்தப் பொடியன் அறையிலை புத்தகத்துக்கு மேலை புத்தகமா அடுக்கிவைச்சிட்டு அதோடை கிடக்கு. பாக்க ஏலாமக் கிடக்கு."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. இருபது வயதிலேயே விட்டுவிட்டேன். கால் வெளியே வந்தால் பொலிஸ் இல்லை, கடிதம் தப்பும். இரண்டையும் தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கத்தான் தொடங்கினேன்.

"விடுங்கோ மாமா!" என்று யாரோ கத்தினார்கள். அது நான்.

கால் உள்ளே விழுந்தது. நல்ல சத்தம். சிஞ்ஞோரா மூன்று வருடத்தில் முதல் தடவையாக என் குரலைக் கேட்டவர்போலப் பார்த்தார். ஏறக்குறைய அதுதான் உண்மையும். "ராஜா, ஏன்?"

இந்த முறை வாக்கியம் தயாராக இருக்கவில்லை. வினைச்சொற்கள் வந்த இடத்தில் வந்தன. "அது என் மனைவிக்காகப் போட்டது. அவள் இங்கே வரவேண்டும் என்று."

"உனக்கு மனைவி இருக்கிறாளா?"

"ஆம், சிஞ்ஞோரா."

"எத்தனை வருடமாக?"

"ஏழு."

"மூன்று வருடமாக என் சமையலறையில் இருந்து புத்தகம் வாசிக்கிறாய். ஒரு நாளும் சொல்லவில்லையே!"

"நீங்கள் கேட்கவில்லை." சற்று யோசித்து, "அந்தக் கடிதம் அதுதான்," என்றேன். "சீனிக் கிண்ணத்தின் கீழே."

"அது நீ வேலையை விடுகிற கடிதமல்லவா? நான் வேண்டுமென்றே தொடாமல் வைத்திருந்தேன்!"

கோட்டின் உட்பையில் நான் ஒரு வாரமாக இன்னொரு பிரதி வைத்திருந்தேன். அதை எடுத்து நீட்டினேன். சிஞ்ஞோரா அதைத் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். கடைசியில் கலோஜெரோவின் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றித் தன் மூக்கில் போட்டார். கணவர் சொன்னபடி முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தார்.

"இந்தப் பெண், உன் மனைவி," என்றார். "அவள் பேசுவாளா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. குமாரெனுக்கு நடந்தது எனக்குத் தெரியும். "தொடங்கினால் நிறுத்தமாட்டாள், சிஞ்ஞோரா."

"கடவுளுக்கு நன்றி," என்றார். "மூன்று வருடமாக அந்த வீட்டில் கேட்பது குளிர்சாதனப் பெட்டியின் சத்தம் மட்டும்தான்." கலோஜெரோவின் பேனாவால், அவருடைய மேசையில் வைத்தே கையெழுத்துப் போட்டார்.

"கால், சிஞ்ஞோரா?" என்றார் கலோஜெரோ, கண்ணாடி இல்லாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"பெட்டி எங்கே இருக்கிறது?"

"மியூசியத்துக்குள்."

"கால்?"

"பெட்டிக்குள்."

"அப்படியென்றால் மியூசியத்துக்குள். திங்கட்கிழமை என் கொழுந்தன் வந்து திறக்கட்டும்."

"இந்த வீணாப்போன நாப்பது நிமிசத்திலை நான் எட்டு மெழுகுத் தலை பாத்திருப்பன்," என்றார் மாமா போர்செப்ஸைத் துடைத்துக்கொண்டு. "இன்னும் ஒம்பது மிச்சம் கிடக்கு. நீங்கள் போறதெண்டால் போங்கோ."

வெள்ளிக்கிழமை குவெஸ்தூராவில் கடிதத்தை எடுத்தார்கள். ஏழு மாதத்துக்குப் பிறகு அனுமதி வந்தது. குகனேஸ்வரி அடுத்த வருடம் ஜூனில் வந்தாள். சிஞ்ஞோரா வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். சிஞ்ஞோரா இரண்டாயிரத்து நான்கில் காலமானார். பேரின்பநாயகம் மாமா அதன்பின் இரண்டு நகரங்கள் பார்த்தார். இரண்டாயிரத்து ஒன்றில் லண்டனில் இருதய நோயால் இறந்தார். மாமிக்கு இரண்டு முழங்காலும் மாற்றினார்கள். இப்போது ரொறொன்ரோவில் மகளோடு இருக்கிறார். கலோஜெரோ ஓய்வு பெற்று ஸ்ஃபெர்ராகவால்லோவில் தமையன் வீட்டுக்குப் போனார். பிறகு தகவல் இல்லை. மியூசியத்தைத் திருத்த வேலைக்கென்று மூடினார்கள். நான் கடைசியாகப் போனபோது மூடியே இருந்தது. எங்கள் மகள் ஜெனனி மிலானில் வேலை செய்கிறாள். நானும் குகனேஸ்வரியும் ஒரேத்தோவில் இருக்கிறோம்.